எங்கிருந்து வருகிறது இந்த அசதி

ஏரியூர்
14.7.1968

அன்புள்ள சகாயமேரிக்கு,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. நீயாவது நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். ட்ரெயினிங் முடிந்த இந்த ஏழு வருடத்தில் நான் உனக்கு எழுதியது மூன்றே கடிதம். மூன்றும் பிள்ளை பிறந்த சேதி. இது அப்படி இல்லை, சிரிக்காதே.

போன செவ்வாய்க்கிழமை இரண்டாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல் போட்டுக்கொண்டிருந்தேன். ஆடு, ஏணி, ஓடம் என்று சொன்னது வரைக்கும் நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது முப்பது பிள்ளைகளும் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஒரு சத்தமும் இல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஹெட்மாஸ்டர் பெரியண்ணன் சார் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. "டீச்சர், ஒடம்புக்கு என்னங்க?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஒரு இடத்தில் வலி என்று காட்டவும் முடியவில்லை. ஆனால் காலையில் எழுந்திருக்கும்போதே சாயங்காலம்போல இருக்கிறது. கை கால் என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது. அத்தையிடம் சொன்னேன். "சின்ன வயசுல என்ன புள்ள அசதி? நாங்கெல்லாம் இப்பிடியா இருந்தோம்?" என்றார். வீட்டுக்காரர், "நல்லாத் தின்னு, சரியாப் போவும்" என்கிறார். பக்கத்து வீட்டில் காத்து கருப்பு என்கிறார்கள். பூசாரி ஒரு கயிறு கட்டிவிட்டார். இவர்களில் யார் சொல்வது சரி?

நான் சோம்பேறி ஆகிவிட்டேனா சகாயம்? ஹாஸ்டலில் என்னைப் பார்த்தவள் நீ. அப்போதும் நான் இப்படித்தான் இருந்தேனா? உண்மையைச் சொல்.

உன் தோழி,
பாஞ்சாலி


அதியமான்கோட்டை
21.7.1968

அன்புள்ள பாஞ்சாலிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். மறுநாள்தான் பிரித்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நீ கேட்ட கேள்வியை நான் உன்னிடம் கேட்கலாம் என்றிருந்தேன்.

ஹாஸ்டலில் நீ சோம்பேறி இல்லை. வார்டன் அம்மாள் அரிசியில் கல் பொறுக்கச் சொன்னால் உன் பங்கை முடித்துவிட்டு என் பங்கையும் எடுத்துக்கொள்வாய். அந்தப் பாஞ்சாலிதான் எனக்குத் தெரியும்.

நாள் ஏதாவது தள்ளிப்போயிருக்கிறதா? வெட்கப்படாமல் எழுது. இல்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

என் கதையைக் கேள். நான் தனி ஆள். ஒரே அறை. பள்ளிக்கூடம் நடந்தால் பத்து நிமிஷம். எனக்கு மாமியார் இல்லை, பிள்ளை இல்லை, மாடு இல்லை. ஒன்பது மணி நேரம் தூங்குகிறேன். எழுந்தால் உடம்பு நனைந்த சாக்குபோலக் கனக்கிறது. வேலை அதிகமானால் அசதி வரும் என்றால் எனக்கு ஏன் வருகிறது? தூக்கம் போதாவிட்டால் வரும் என்றால் அதுவும் பொருந்தவில்லை. உனக்குச் சமாதானம் சொல்ல உட்கார்ந்தேன், நானே குழம்பிப்போய் எழுதுகிறேன்.

ஒன்று செய். நேற்று என்ன செய்தாய் என்று காலையிலிருந்து ஒன்றுவிடாமல் எழுது. பாடக்குறிப்பு எழுதுவோமே, அதுபோல நேரம் போட்டு எழுது. 'இதையெல்லாம் போய் எழுதுவதா' என்று எதையும் விடாதே. நானும் என்னுடையதை எழுதுகிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

குழந்தைகளுக்கு என் முத்தம். அத்தைக்கும் உன் வீட்டுக்காரர் மாரப்பன் அண்ணனுக்கும் என் வணக்கம்.

உன்,
சகாயம்


ஏரியூர்
4.8.1968

அன்புள்ள சகாயத்துக்கு,

நாள் தள்ளிப்போகவில்லை. கைக்குழந்தைக்குப் பத்து மாதம்தான் ஆகிறது, பயமுறுத்தாதே.

நீ கேட்டபடி வெள்ளிக்கிழமை செய்ததை எழுதியிருக்கிறேன். எழுதிப் படித்துப் பார்த்தால் எனக்கே சப்பென்று இருக்கிறது.

நாலு மணிக்கு அத்தை இருமுவார். அதுதான் எனக்குக் கடிகாரம். எழுந்து சாணம் அள்ளி வாசல் தெளித்தேன். ராகிக் கல்லில் அன்றைக்கு வேண்டிய மாவை அரைத்தேன். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். கிணற்றுக்கு நாலு நடை. கிணறு ஒன்றும் தூரமில்லை, நம் ஹாஸ்டலிலிருந்து போஸ்டாபீஸ் தூரம்தான். மாடு கறந்து அடுப்பு மூட்டிக் களி கிண்டினேன். அவருக்குக் காட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். சென்றாயனையும் பாப்பாவையும் குளிப்பாட்டினேன். சின்னவனுக்குப் பால் கொடுத்து அத்தையிடம் விட்டேன். எனக்குக் காலையில் சாப்பாடு இறங்காது, ஒரு டம்ளர் டீத்தண்ணீர் போதும். சென்றாயனையும் கூட்டிக்கொண்டு மூன்று மைல் நடந்து பள்ளிக்கூடம். போய்ச் சேர்ந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து வருகைப் பதிவு எடுத்தேன். மத்தியானம் சாப்பாட்டு மணியில் ஹெட்மாஸ்டரின் ரிஜிஸ்டர்களை எழுதித் தருவேன், என் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். அதனால் களி உருண்டையை மூன்று மணிக்கு மேல் இரண்டு வாய் தின்றேன், மீதியை ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டேன். திரும்பும்போது வழியில் விறகு பொறுக்கினேன், எப்படியும் அந்த வழியாகத்தானே வருகிறேன். வீட்டுக்கு வந்து மறுபடி தண்ணீர் இரண்டு நடை, மாட்டுக்குத் தீவனம், குழம்பு, சோறு. எல்லாரும் சாப்பிட்ட பிறகு இருப்பதை நான் சாப்பிட்டேன், கையோடு ஒரு டீத்தண்ணீர். பாத்திரம். சின்னவன் ராத்திரி மூன்று தடவை விழித்தான்.

அவ்வளவுதான். பார்த்தாயா, பெரிதாக ஒன்றும் இல்லை. காட்டு வேலைக்குக்கூட என்னை அவர்கள் கூப்பிடுவதில்லை. ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதைத்தான் நானும் செய்கிறேன். அவர்கள் யாரும் தூங்கி விழுவதில்லை. அப்புறம் எனக்கு மட்டும் என்ன?

உன் நாளை எழுது.

பாஞ்சாலி


அதியமான்கோட்டை
18.8.1968

அன்புள்ள பாஞ்சாலி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு 'உட்கார்ந்து' என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று தேடினேன். ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்து நாற்காலியில். நீ அங்கே தூங்கிவிட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. வேறெங்கே தூங்குவாய்?

கோபப்படாதே, அந்தக் கடிதத்தை நான் ஒருவரிடம் காட்டிவிட்டேன். தர்மபுரியில் எங்கள் கோயிலை ஒட்டி ஒரு சின்ன மருந்தகம் இருக்கிறது. வாரம் ஒரு நாள் ஒரு டாக்டரம்மா வருவார். என் அசதியைச் சொல்லத்தான் போனேன். என் கீழ்இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு ரத்தம் இருக்கு. நேத்து என்னம்மா சாப்ட்டே?" என்றார். யோசித்தேன். காலையில் டீயும் ஒரு பன்னும். மத்தியானம் பன். ராத்திரி சமைக்கச் சோம்பல், டீ. "முந்தாநாள்?" அதுவும் அப்படித்தான். "யார்கூடப் பேசினே?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து திங்கட்கிழமை காலை வரைக்கும் நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. இதுதான் என் நாள். எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை.

அப்புறம் உன் நாளை அவருக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். உன்னைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஆனால் அடுத்தடுத்து மூன்று பிள்ளை, கைக்குழந்தைக்குப் பால், சாப்பாட்டுக்கு மேலேயே டீ, காலையில் வெறும் வயிறு, இதெல்லாம் சேர்ந்தால் ரத்தம் குறைந்துதான் இருக்கும் என்றார். நீ செருப்பில்லாமல் நடப்பாயா என்றும் கேட்டார். காலில் ஏறும் பூச்சி ஒன்று வயிற்றுக்குள் போய் ரத்தத்தைக் குடிக்குமாம். பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பார்க்கச் சொன்னார். அதுவரைக்கும் காலையில் எதையாவது தின்றுவிட்டுக் கிளம்பு. டீயைச் சாப்பாட்டோடு சேர்க்காதே. முருங்கைக் கீரை உன் வீட்டு வேலியிலேயே இருக்கும். மத்தியானம் அந்த ரிஜிஸ்டரை மூடிவிட்டுப் பத்து நிமிஷம் கண்ணை மூடு.

நான் என்ன செய்கிறேன் தெரியுமா? எதிர்வீட்டு மிக்கேலம்மாளிடம் போய், நான் சாமான் வாங்கித் தருகிறேன், நீங்கள் சமையுங்கள், இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம் என்று கேட்டுவிட்டேன். அந்தம்மாளும் தனி ஆள். "இதைக் கேக்க உனக்கு ரெண்டு வருசமா?" என்றாள்.

உன்,
சகாயம்


ஏரியூர்
22.9.1968

அன்புள்ள சகாயம்,

நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். கேள்.

முதல் நாள் காலையில் தட்டில் களி போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். அத்தை எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, இன்னிக்கி என்ன விசேசம்?" என்றார். ஒன்றுமில்லை அத்தை, பசிக்கிறது என்றேன். "இந்நேரத்துக்கேவா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே அதிசயமாகக் கேட்டார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் எப்போதுதான் சாப்பிடுகிறார் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு உருண்டையை வாழை இலையில் கட்டிக்கொண்டு போய் வழியில் புளியமரத்தடியில் தின்கிறேன், திருடி மாதிரி. சென்றாயன் காவல் நிற்கிறான். கீரையும் தின்கிறேன். பூசாரி கயிறும் கையில் இருக்கிறது. உடம்புச் சூடு என்று பக்கத்து வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்தார்கள், அதையும் குடித்தேன். வீட்டுக்காரர் தர்மபுரி போனபோது ஒரு டானிக் வாங்கி வந்தார், அதுவும் நடக்கிறது. நாலு நாள் நன்றாக இருந்தது. எதனால் என்று தெரியவில்லை. அப்புறம் பழையபடி. அதுவும் எதனால் என்று தெரியவில்லை.

போன வாரம் கிணற்றிலிருந்து வரும்போது கண் இருட்டியது. கீழே விழுந்துவிடக் கூடாது என்று நானே தரையில் சரிந்துவிட்டேன். குடம் உருண்டு போனது. யாரோ போய்ச் சொல்லி அவர் காட்டிலிருந்து ஓடி வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. அப்படி அவரைப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும், "இந்த வாத்தியார் வேல வேணாம். மூணு மைல் நடந்து நடந்துதான் இப்பிடி ஆவுது. எழுதிக் குடுத்துட்டு வூட்டுல இரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார் சகாயம். அத்தையும் அதைத்தான் சொல்கிறார். பெரியண்ணன் சாரும் இரண்டாவது தடவை நான் தூங்கியதற்கு மெமோ கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, முதல் தடவை விட்டுவிட்டாரே.

எல்லாரும் ஒன்றையே சொல்லும்போது அதுதான் சரி என்று தோன்றுகிறது. ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். காலாண்டு விடுமுறை முடிந்ததும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

எழுதும்போது ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை. ஓய்வு கிடைக்கப்போகிறதே, சந்தோஷப்பட வேண்டியதுதானே?

பாஞ்சாலி


அதியமான்கோட்டை
25.9.1968

பாஞ்சாலி,

கொடுக்காதே. முதலில் இதைப் படி, மற்றதை அப்புறம் படி. கொடுக்காதே.

உன் நாளிலிருந்து பள்ளிக்கூடத்தை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார். ராகிக்கல் இருக்கிறது, கிணறு இருக்கிறது, மாடு இருக்கிறது. போவது நாற்காலி மட்டும்தான். நீ வீட்டில் இருந்தால் ஓய்வெடுப்பாய் என்று உன் வீட்டில் யார் நினைக்கிறார்கள்? நீயே நினைக்கிறாயா? காலையில் பள்ளிக்கூடம் போன நேரத்துக்கு உன்னைக் காட்டுக்கு அனுப்புவார்கள். நீயும் போவாய். கேட்கவே மாட்டாய்.

மெமோவுக்குப் பதில் எழுது. உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் காட்டி சீட்டு கொண்டுவருகிறேன் என்று எழுது. பென்னாகரம் போனாயா இல்லையா? அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

பொங்கல் விடுமுறைக்கு நான் வருகிறேன். நேரில் பார்த்தால் எனக்கும் புரியும். அதுவரைக்கும் அந்தத் தாளை வெளியே எடுக்காதே. எனக்காக.

சகாயம்


அதியமான்கோட்டை
19.1.1969

அன்புள்ள பாஞ்சாலி,

வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த கடலையையும் சாமையையும் மிக்கேலம்மாளிடம் கொடுத்தேன். இரண்டு நாளாக இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

உன் வீட்டில் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். நான் கோழி தின்பேன் என்று அண்ணன் சொல்லிவைத்து அடித்தார். அத்தை எனக்குத் தனியாகப் பாய் போட்டார். அப்படிப்பட்டவர்களிடம் நான் பேசியது அதிகம்தான். ஆனால் மூன்று நாள் நான் பார்த்தேன் பாஞ்சாலி. படித்தபோது தெரியாதது பார்த்தபோது தெரிந்தது. நானும் எழுந்து உன்னோடு ராகிக்கல் சுற்றினேன். அரை மணி நேரத்தில் என் தோள் விட்டுப்போயிற்று. நீ பேசிக்கொண்டே சுற்றுகிறாய்.

கடைசி நாள் மத்தியானம் எல்லாரும் இலையில் உட்கார்ந்திருக்க நீ மட்டும் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாய். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. "அண்ணே, உங்க சம்சாரம் நேத்து நாலு மணி நேரங்கூடத் தூங்கல. நீங்க எட்டு மணி நேரம் தூங்கினீங்க. அசதி எங்கிருந்து வருதுன்னு இன்னுமா தெரியல?" என்று கேட்டேன். அண்ணன் கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். உன் அத்தை என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எனக்கு ஏழு பொறந்து மூணு நின்னுச்சு. இந்தக் கல்லுதான் நானும் சுத்துனேன். 'காசி, நீ தூங்குனியா'ன்னு எவளாச்சும் வந்து என்னைக் கேட்டாளா?"

ஆனால் நான் சொன்னது பொய் இல்லை. நீயாவது அதைச் சொல்.

உன்,
சகாயம்


ஏரியூர்
2.2.1969

சகாயமேரிக்கு,

நீ மூன்று மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீட்டில் இருந்தது நான்.

அவர் காட்டிலிருந்து வந்ததும் சாப்பாடு வேண்டாம் என்றார். அத்தை எதிர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வெளியாட்களிடம் வீட்டைப் பற்றிப் புகார் எழுதுகிறேன் என்று இரண்டு பேரும் நினைக்கிறார்கள். எழுதத்தானே செய்தேன்? இல்லை என்று எப்படிச் சொல்வேன்? நீ கேட்டாய், எழுதினேன். அது புகார் என்று எனக்குத் தெரியாது. என் நாள் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

விருந்தாளியாக வந்தவள், இலையில் கை வைத்திருக்கும் ஆளை எழுப்பிவிட்டாய். அவர் எனக்குக் கெடுதல் செய்தவரா? குடிக்கிறவரா, அடிக்கிறவரா? அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்?

நீ சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய குழப்பம். நீ அப்படிக் கேட்டபோது எனக்கு ஓடி வந்து உன் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது. இன்னும் கொஞ்சம் பேசமாட்டாளா என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில். இது கோபமா, வேறா, தெரியவில்லை.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே. எனக்குப் பதில் எழுதத் தெம்பில்லை.

பாஞ்சாலி


அதியமான்கோட்டை
9.2.1969

அன்புள்ள பாஞ்சாலி,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்.

நீ சொன்னதுதான் சரி. சொன்ன விஷயத்தில் தப்பில்லை என்று நினைத்து, சொன்ன இடத்தைப் பார்க்காமல் போனேன். கூட இருந்து அதைத் தாங்கப் போகிறவள் நான் இல்லை என்பது அப்போது புத்தியில் உறைக்கவில்லை. தனியாக இருக்கிறவளுக்கு இந்தக் குறை உண்டு. பேசிவிட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

அத்தையிடம் என் சார்பாக மன்னிப்புக் கேள் என்று எழுத நினைத்தேன். அதையும் உன் தலையில்தானே ஏற்றுகிறேன்? வேண்டாம்.

பென்னாகரம் மட்டும் போய்விட்டு வா. போனேன் என்று ஒரு கார்டு போட்டால் போதும்.

சகாயம்


அதியமான்கோட்டை
8.4.1969

அன்புள்ள பாஞ்சாலி,

ஈஸ்டர் முடிந்தது. பூசையில் உன்னை நினைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் சாயங்காலம் மிக்கேலம்மாளோடு ஏரிக்கரை வரைக்கும் நடக்கிறேன். மூன்று வேளை சாப்பிடுகிறேன். உடம்பு லேசாகிவிட்டது. ஆனால் தபால்காரர் எங்கள் தெருவைத் தாண்டிப் போகும் நாளெல்லாம் பழைய கனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு டாக்டரம்மாவிடம் மருந்து கேட்கவில்லை.

உன் கையெழுத்தில் ஒரு வரி போதும்.

சகாயம்


ஏரியூர்
13.7.1969

அன்புள்ள சகாயம்,

உன் இரண்டு கடிதமும் வந்தன. முதலில் கோபத்தில் எழுதவில்லை, அப்புறம் வெட்கத்தில் எழுதவில்லை. கடைசி இரண்டு மாதம் எதனால் எழுதவில்லை என்று எனக்கே தெரியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நீ போன பிறகு பத்து நாள் அத்தை என்னோடு பேசவில்லை. மாசியில் ஒரு திங்கட்கிழமை நான் பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். யாரிடமும் கேட்கவில்லை, போகிறேன் என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தால் அத்தை சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வருகிறார். "நானும் வரேன்" என்றார்.

டாக்டர் என் இமையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற அத்தையை என்ன நினைத்தாரோ, அவரையும் உட்காரச் சொன்னார். என்னைவிட அத்தையின் இமை வெளுத்திருந்தது. ரத்தம் பார்த்ததில் அவருக்குத்தான் ரொம்பக் குறைவு. எத்தனை வருஷமாக என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. இரண்டு பேருக்கும் பூச்சி மருந்தும் அயர்ன் மாத்திரையும் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை மாத்திரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். பாதி வழியில் திரும்பி, "ஏம் புள்ள, அப்ப நான் சோம்பேறி இல்லயா?" என்றார். அவர் மாமியார் சாகிற வரைக்கும் அவரை அப்படித்தான் கூப்பிட்டாராம். நாற்பது வருஷம் அதை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்ததே அதுதான் முதல் தடவை.

இப்போது காலையில் இரண்டு பேரும் சேர்ந்து தின்றுவிட்டுத்தான் மற்ற வேலை. டீ பத்து மணிக்கு மேல், அத்தைக்கு மட்டும். விட முடியவில்லையாம்.

வீட்டுக்காரர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பங்குனியில் ஒரு நாள் ராகி மூட்டையைச் சைக்கிளில் வைத்துக் கட்டினார். எங்கே என்றேன். "மிசின்ல அரைச்சா மாவு நைசா இருக்குதுன்னாங்க" என்றார். மாவு நைசாக வேண்டும் என்று அவர் இதுவரைக்கும் சொன்னதே இல்லை. பத்து நாளைக்கு ஒரு முறை போய் அரைத்துக்கொண்டு வருகிறார். நான் ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி சீட்டைப் பெரியண்ணன் சாரிடம் கொடுத்தேன். மெமோவோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டார். ரிஜிஸ்டர் எழுதும் வேலையை இன்னொரு டீச்சருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார். ராஜினாமாத் தாளை அடுப்பில் போட்டேன்.

அசதி போய்விட்டதா என்று கேட்பாய். முழுக்கப் போகவில்லை. சில நாள் காரணமே இல்லாமல் வந்துவிடுகிறது. ஆனால் முன்னே மாதிரி என்னைத் திட்டிக்கொள்வதில்லை.

உன்மேல் இருந்த கோபமும் அப்படித்தான். முழுக்கப் போகவில்லை. நீ பேசியது எனக்கு நல்லதாகத்தான் முடிந்தது. ஆனாலும் அவர் இலையிலிருந்து எழுந்து போன முதுகை மறக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் உனக்கு எழுதுகிறேன். பொய்யாகச் சமாதானம் எழுதினால் உனக்குத் தெரிந்துவிடும்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சின்னவனுக்குப் பால் கொடுக்கச் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். கண்ணைத் திறந்தால் வாசலில் மஞ்சள் வெளிச்சம். விடிந்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பதறி எழுந்தேன். பக்கத்தில் பிள்ளையைக் காணோம். அடுப்பு எரிகிற வாசனை வருகிறது, அடுப்பைப் பற்ற வைத்தது நான் இல்லை. யார் வீட்டில் இருக்கிறேன் என்றுகூட ஒரு நிமிஷம் புரியவில்லை. அத்தை எட்டிப் பார்த்தார். "அத்தை, இது காலையா சாயங்காலமா?" என்று கேட்டேன்.

"சாயங்காலந்தான் புள்ள. படு. எந்திரிச்சு என்ன பண்ணப் போறே?" என்றார்.

நான் படுக்கவில்லை, எழவும் இல்லை. பாயிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலாண்டு விடுமுறைக்கு வா.

உன்,
பாஞ்சாலி